மணிக்கூடும் விற்றவர் கடனும்

புத்தளக் களப்பின் வாயிலிலே நிற்கும் கற்பிட்டிக் கோட்டையை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஒல்லாந்தர் அதனை 1667ஆம் ஆண்டிலே கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டிலே முடித்தனர். அக்கோட்டையின் மதில்கள் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1675ஆம் ஆண்டில், பாரிஸ் மாநகரிலே வாழ்ந்த கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்து தேசத்து அறிஞர் வேறொன்றைச் செய்து முடித்தார். மணிக்கூட்டினுள் இருபுறமும் ஆடும் சிறு சக்கரத்தோடு மெல்லிய சுருள்வில் ஒன்றைப் பிணைத்து, அதன் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தும் முறையை அவர் உலகறியச் செய்தார். கோட்டை கட்டியவர்களின் ஆட்சி இக்கரையை விட்டு நீங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அச்சுருள்வில்லோ, மின்கலம் இன்றி முறுக்கின் வலியினால் ஓடும் கைக்கடிகாரம் ஒவ்வொன்றினுள்ளும் இன்றும் துடித்துக்கொண்டேயிருக்கின்றது.

விலையுயர்ந்த அத்தகைய மணிக்கூடுகளைப் பற்றியும், அவற்றை விற்றவர் வாங்கியவர்க்கு விற்பனையின் பின்னர் ஆற்றவேண்டிய கடனைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகின்றேன். சரித்திரம் என்றால் அரசரும் போரும் மாத்திரமல்ல. ஒரு பொருளைச் செய்தவனுக்கும் அதனை வைத்திருப்பவனுக்கும் இடையிலுள்ள உறவுக்கும் சரித்திரம் உண்டு.

முதலிலே ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். நேரங்காட்டும் கருவி எதுவும் பார்ப்பார் இன்றித் தானே நெடுங்காலம் ஓடியதில்லை. நம் முன்னோர் நாழிகை வட்டிலினால் காலத்தை அளந்தனர். அடியிலே சிறு துளையுள்ள செப்புக் கிண்ணத்தை நீரின்மேல் மிதக்கவிடுவர். நீர் ஏறி அது அமிழும் பொழுது ஒரு நாழிகை, அஃதாவது இருபத்துநான்கு நிமிடம், கழிந்தது என்பர். நாளொன்றுக்கு நாழிகை அறுபது. 1660 முதல் 1679 வரை கண்டியரசனின் சிறையிலிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலிலே இத்தகைய வட்டில் ஒன்று அரசனிடம் இருந்ததைக் குறிப்பிடுகின்றார். ஆனால் கிண்ணம் அமிழ்ந்தால் அதனை எடுத்து, நீரை வடித்து, மீண்டும் மிதக்க விடுவதற்கு ஓர் ஆள் எந்நேரமும் அருகில் இருக்கவேண்டும். நாழிகைக் கணக்கர் என்று பழந்தமிழர் ஒரு தொழிலுக்கே பெயரிட்டமைக்குக் காரணம் இதுவே. கருவியும் அதனைப் பேணுவோனும் சேர்ந்துதான் ஒரு மணிக்கூடு.

ஹைகன்சின் சுருள்வில் வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. நாளொன்றுக்கு அரைமணி வரை பிழைபட்ட பையடக்க மணிக்கூடு, அவ்வில்லின் உதவியால் சில நிமிடமே பிழைபடும் நிலைக்கு உயர்ந்தது. ஆனால் நுட்பம் மிகுந்த அளவுக்கு அதனைப் பேண வேண்டிய தேவையும் மிகுந்தது. அறுபது ஆண்டுக்கு முற்பட்ட நல்ல கைக்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொதுவாக அதன் ஓட்டம் மணிக்கு 18,000 துடிப்பு. நாளொன்றுக்கு அது 4,32,000 ஆகும். ஆண்டொன்றுக்குப் பதினைந்து கோடியே எழுபத்தாறு இலட்சத்துக்கும் மேல். தலைமயிரினும் மிகத் தடித்ததல்லாத அச்சுமுனைகள், கடுகிலும் சிறிய துளி எண்ணெயில் நின்று இவ்வளவு துடிப்பையும் தாங்குகின்றன. அவ்வெண்ணெய் சில ஆண்டுகளில் உலர்ந்து பசையாகின்றது. பின்னர் உலோகம் உலோகத்தைத் தேய்க்கின்றது. ஆதலின் முழுவதையும் கழற்றி, கழுவி, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்ட வேண்டும். இது பழுதுபார்த்தல் அன்று, உயிர்காத்தல்.

நமது கரையிலே இத்தேவை இருமடங்கு. சிலாபம் தொடங்கி உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரை ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே உப்பளம். சோழகம் வீசும் மாதங்களிலே சன்னற் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் படும் பாடு நாமறிந்ததே. வில்லும் திருகாணியும் உருக்கினாலாகிய மணிக்கூட்டினுள் அவ்வீரக் காற்று ஒருமுறை புகுந்தால் செம்மை படர ஒரு மழைக்காலம் போதும்.

இனி, விற்றவர் கடன் என்பது எங்கே எழுந்தது என்பதைப் பார்ப்போம். சுவிற்சர்லாந்தின் நொயஷத்தேல் நகரிலே 1747ஆம் ஆண்டிற் பிறந்து, 1775ஆம் ஆண்டளவிலே பாரிஸ் நகரிற் கடை வைத்த ஆபிரகாம் லூயி பிரெகே என்பார் அக்காலத்து மணிக்கூட்டுத் தொழிலாளருள் தலைசிறந்தவர். அரசரும் தளபதிகளும் அவரிடம் வாங்கினர். ஆனால் அவருடைய பெருமை அவர் செய்த பொறிகளில் மட்டும் அடங்கவில்லை. அவரது கடையிலே விற்ற மணிக்கூடு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இட்டு, வாங்கியவர் பெயரையும் விலையையும் ஏட்டில் எழுதி வைத்தனர். பழுது நீக்குவதற்குத் திரும்பி வந்தவற்றுக்கும் தனி ஏடு இருந்தது. 1823ஆம் ஆண்டு அவர் மறைந்த பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது. அவ்வேடுகள் இன்றும் அந்நிறுவனத்திடம் உள்ளன.

அவற்றால் விளைந்த பயன் ஒன்றைச் சொல்கின்றேன். நெப்போலியனின் தங்கையும் நேப்பிள்ஸ் நாட்டு அரசியுமாகிய கரோலின் மூரா, கையில் அணிவதற்கென ஒரு மணிக்கூடு வேண்டுமென 1810ஆம் ஆண்டிலே பிரெகேயிடம் பணித்தார். 1812ஆம் ஆண்டிலே அது முடிந்தது. இலக்கம் 2639. நீள்வட்ட வடிவினது; மிக மெல்லியது; மணியடித்து நேரம் சொல்வது; வெப்பமானியும் உடையது. மயிரும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னிய பட்டியில் அது பொருத்தப்பட்டிருந்தது. கைக்கடிகாரம் என்று கூறத்தக்கவற்றுள் நமக்குத் தெரிந்த மிகப் பழையனவற்றுள் இஃதொன்று. இன்று அம்மணிக்கூடு எங்குள்ளது என்பது எவர்க்கும் தெரியாது. அப்படியாயின் இவ்வளவு விவரமும் எவ்வாறு கிடைத்தன? விற்பனை ஏட்டினாலும் பழுதுநீக்கும் ஏட்டினாலுமே கிடைத்தன. அரசியின் மகள் அதனை 1849ஆம் ஆண்டு திருத்தக் கொண்டுவந்ததும், 1855ஆம் ஆண்டு அது மீண்டும் வந்ததும் அங்கே பதியப்பட்டுள்ளன. செய்தவர் இறந்தார், வாங்கியவர் இறந்தார், பொருளும் மறைந்தது. 'நாம் விற்றது, நாமே பார்க்க வேண்டியது' என்று கருதியவர்களின் எழுத்து மாத்திரம் எஞ்சியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மணிக்கூடுகள் கீழைத்தேசத்துக்கு வரத் தொடங்கின. சென்னை மவுண்ட் ரோட்டிலே பி. ஓர் அன்ட் சன்ஸ் என்னும் நிறுவனம் புகழ்பெற்று விளங்கியது. 1880களிலே பம்பாயில் வெஸ்ட் எண்ட் என்னும் பெயரோடு சுவிற்சர்லாந்து மணிக்கூடுகள் விற்பனைக்கு வந்தன. கொழும்புக் கோட்டைக் கடைகளிலும் முகவர்கள் அமர்ந்தனர். நமது கரையிலோ காலம் இன்னும் கோயில் மணியாலும் தேவாலய மணியாலும் பாங்கொலியாலும், கரைவலை இழுப்போர்க்குக் காற்றாலும் நட்சத்திரத்தாலும் அறியப்பட்டு வந்தது. புகையிரதம் சிலாபத்தை அடைந்தது 1916ஆம் ஆண்டில். புத்தளத்தை அடைந்தது 1926ஆம் ஆண்டில். நிமிடத்தைக் கணக்கிட வேண்டிய தேவை அதனோடு வந்தது. கந்தோர் எழுதுவினைஞரும் ஆசிரியரும் உப்பள மேற்பார்வையாளரும் தென்னந்தோட்ட முதலாளிமாரும் மணிக்கூடு அணியத் தொடங்கினர். அதே 1926ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் நிறுவனம் நீர்புகாத 'ஒயிஸ்டர்' என்னும் கூட்டை வெளியிட்டது. ஒயிஸ்டர் என்பது சிப்பியைக் குறிக்கும் சொல். முத்துக்குளிப்பினால் பெயர்பெற்ற மன்னார்க் குடாவின் கரையோர மக்களாகிய நமக்கு அப்பெயரின் பொருத்தம் நன்கு விளங்கும். ஆயினும் சிப்பி தன் வாயைத் தானே இறுக மூடிக்கொள்ளும்; கைக்கடிகாரத்தின் வாயை மூடும் வளையமோ காலப்போக்கிற் கெட்டு இற்றுவிடும். அதனை மாற்ற ஒருவர் வேண்டும்.

அவ்வொருவர் யார்? கொழும்பிலிருந்த முகவர் பெரும்பாலார்க்கு எட்டாத் தொலைவில் இருந்தார். அவர் கொடுத்த உத்தரவாதப் புத்தகத்தின் காலம் ஓராண்டோ ஈராண்டோ. அதன்பின் ஐம்பது ஆண்டுக்கு அம்மணிக்கூட்டைக் காத்தவர், கடைத்தெருவிலே ஒரு கண்ணாடிப் பெட்டியின் பின்னால், கண்ணிலே உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு குனிந்திருந்த மணிக்கூடு திருத்துபவரே. பிரெகேயின் கடையில் ஒன்றாயிருந்த இருகடன்கள் இங்கே இரண்டாகப் பிரிந்தன: விற்பவர் ஒருவர், காப்பவர் வேறொருவர். ஆனால் காப்பவர்க்கு வேண்டிய உதிரிப்பாகம் அக்காலத்திலே கொழும்பு மொத்த வியாபாரிகளிடம் கிடைத்தது. ஆதலின் அவ்வுறவு முற்றாக அறுந்துபோகவில்லை.

என் தந்தையார் உடப்பிலே ஆசிரியராயிருந்தவர். 1957ஆம் ஆண்டிலே, மூன்று மாதச் சம்பளத்தைச் சேர்த்து, கொழும்பிலே ஒரு சுவிற்சர்லாந்து மணிக்கூட்டை வாங்கினார். உறவினர் பலர் அதனை வீண்செலவு என்றனராம். அவர் ஓய்வு பெற்றபோது அதே மணிக்கூடு கையில் இருந்தது. அவர் மறைந்த நாளிலும் இருந்தது. பின்னர் என்னிடம் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் அது என் கையிலிருந்து பாடசாலைச் சீமெந்துத் தரையில் விழுந்து நின்றுபோயிற்று.

அதனைத் திறந்து காட்டிய முதியவர் சிலாபத்திலே நெடுங்காலம் இத்தொழில் செய்தவர். மூடியின் உட்புறத்தைக் கண்ணாடியின் கீழ்ப் பிடித்து, 'பாருங்கள், ஐயா' என்றார். ஊசிமுனையாற் கீறிய சிறு குறிகள் நான்கு அங்கே இருந்தன. 1961, 1966, 1972, 1979 என்னும் ஆண்டுகளும் ஒவ்வொன்றின் அருகே ஓரெழுத்தும். மணிக்கூட்டைத் திறந்து கழுவிப் பூட்டியவர் தம் அடையாளத்தை இவ்வாறு கீறிவைப்பது உலகெங்கும் உள்ள தொழில்வழக்கு. முதலிரண்டு குறிகள் அவருடைய தந்தையாருடையவை, பின்னிரண்டும் அவருடையவை. நான் ஐம்பது ஆண்டுகளாகக் கண்ட மணிக்கூட்டினுள் நான் அறியாத ஏடொன்று இருந்தது. பாரிஸ் நகரத்துத் தோலட்டைப் பேரேட்டுக்கும் இதற்கும் மதிப்பிலே வேற்றுமை உண்டென்று நான் கருதவில்லை.

ஆனால் அம்முதியவர் ஐந்தாவது குறியைக் கீறவில்லை. ஆடுசக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. அம்மாதிரி அச்சு இப்பொழுது வெளியாருக்குக் கிடைப்பதில்லை என்றார். கொழும்பிலே முகவரிடம் கொண்டு சென்றேன். அவர்கள் மரியாதையாகவே பேசினர். மணிக்கூட்டை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். முகப்பையும் முட்களையும் புதியனவாக மாற்றுவார்கள். கழற்றிய பழைய பாகங்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை. செலவு இவ்வளவு என்றனர். அத்தொகை என் சம்பளத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. அதனிலும் என்னைத் தடுத்தது வேறொன்று. சோக்கட்டித் தூசு படிந்து மங்கிய அந்த முகப்பை மாற்றிவிட்டால், திரும்பி வருவது என் தந்தையாரின் மணிக்கூடாக இராது.

இந்நிலை எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. அதன் காரணமும் சரித்திரத்திலேயே உள்ளது. 1969ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் யப்பானின் செய்கோ நிறுவனம் படிகத் துடிப்பினால் ஓடும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. மலிவும் துல்லியமும் ஒருங்கே வந்தன. 1970ஆம் ஆண்டளவிலே ஏறத்தாழ 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிற்சர்லாந்து மணிக்கூட்டுத் தொழில், 1980களின் நடுவிலே முப்பதினாயிரத்துச் சொச்சம் பேராகச் சுருங்கிற்று. தப்பிய நிறுவனங்கள் நேரம் காட்டுவதை விடுத்து, அருமையையும் நெடுவாழ்வையும் விற்கத் தொடங்கின. நேரம் அறிய எவரும் அத்தனை பொருள் கொடுக்க மாட்டார். தலைமுறைக்கும் நிற்கும் என்னும் நம்பிக்கைக்கே கொடுக்கின்றார். ஆகவே விற்றபின் பேணுதல் என்பது விற்பனையோடு சேர்ந்ததோர் இணைப்பு அன்று. விற்கப்படும் பொருளே அதுதான்.

இந்நம்பிக்கையைப் பல நிறுவனங்கள் ஒருவகையிற் காத்து வருகின்றன என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். 1839ஆம் ஆண்டு ஜெனிவாவிலே தொடங்கிய படேக் பிலிப் நிறுவனம், அன்று முதல் தான் செய்த எந்த மணிக்கூட்டையும் திருத்தித்தருவதாக உறுதி கூறுகின்றது. ரோலெக்ஸ் நிறுவனம் 2015ஆம் ஆண்டிலே தன் உத்தரவாதத்தை ஐந்தாண்டாக உயர்த்தியது. உறுதிமொழி நீண்டிருக்கின்றது, ஆனால் அதனை நிறைவேற்றும் கைகளின் தொகை குறைந்திருக்கின்றது. உதிரிப்பாகங்களைத் தாம் ஏற்றுக்கொண்ட பட்டறைகளுக்கே கொடுப்பது என்னும் முறையைப் பெருநிறுவனங்கள் பல மேற்கொண்டன. அதனால் தனித்துத் தொழில் செய்வோர் பாகமின்றித் தவித்தனர்.

ஐரோப்பாவிலே இது வழக்காகவும் சென்றது. மணிக்கூடு திருத்துவோர் சங்கங்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு 2004ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறையிட்டது. ஆணைக்குழு 2008ஆம் ஆண்டிலே முறையீட்டைத் தள்ளியது. லக்சம்பேர்க்கிலுள்ள பொது நீதிமன்றம் 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அம்முடிவை நீக்கியது. மறுபடியும் ஆராய்ந்த ஆணைக்குழு 2014ஆம் ஆண்டில் மீண்டும் தள்ளியது. 2017ஆம் ஆண்டிலே நீதிமன்றமும் அதனை ஏற்றது. பொறிகள் நுட்பமாகிவிட்டன, பயிற்சியற்ற கை அவற்றைக் கெடுக்கும், போலிப் பாகங்களும் பெருகிவிட்டன என்பன நிறுவனங்களின் நியாயங்கள். அவை பொய்யான நியாயங்கள் அல்ல. ஆனால் பாரிசிலும் ஜெனிவாவிலும் ஏற்புடைய நியாயம், பட்டறையே இல்லாத கரையில் வாழ்வோனுக்கு எவ்வாறு ஏற்புடையதாகும்? தகுதியில்லாதவன் தொடக்கூடாது என்றால், தகுதியுள்ளவனை அனுப்பும் கடனும், தகுதியை வளர்க்கும் கடனும் அவ்வாறு சொல்பவர்க்கே உரியன.

அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டும். இந்திய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் 1961ஆம் ஆண்டு யப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரிலே மணிக்கூடு செய்யத் தொடங்கியது. அவை ஆடம்பரமானவை அல்ல. ஆசிரியரும் குமாஸ்தாவும் அணிந்தவை. 2016ஆம் ஆண்டிலே அந்நிறுவனத்தின் மணிக்கூட்டுப் பகுதி மூடப்பட்டது. உத்தரவாதம் கொடுத்தவரே இல்லாமற்போயினர். ஆயினும் அம்மணிக்கூடுகள் பல இன்றும் ஓடுகின்றன. காரணம், அவற்றின் பாகங்கள் ஊரெங்கும் பரவிக் கிடந்தமையும், அவற்றைத் திருத்த அறிந்த கைகள் தெருதோறும் இருந்தமையுமே. நிறுவனம் அழிந்தும் பொருள் வாழ்கின்றது அங்கே. நிறுவனம் வாழ்ந்தும் பொருள் கிடக்கின்றது இங்கே, என் மேசை இழுப்பறையில்.

இவ்வளவும் கூறிய நான் என் பங்கையும் கூறாமல் விடுவது முறையன்று. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னர், நான் வகுப்பாசிரியனாயிருந்தபோது, எங்கள் பாடசாலைச் சுவர் மணிக்கூட்டைத் தானே கழற்றி ஓடச்செய்த மாணவன் ஒருவன் இருந்தான். மீன்பிடித் தொழிலாளி ஒருவரின் மகன். அதனைக் கேள்விப்பட்ட அதே சிலாபத்து முதியவர், 'அந்தப் பிள்ளையை என்னிடம் விடுங்கள், ஐயா. தொழிலைச் சொல்லிக்கொடுக்கிறேன்' என்று ஆளனுப்பினார். பிள்ளையின் தந்தையார் என்னிடம் ஆலோசனை கேட்டார். 'மணிக்கூடு திருத்துவதெல்லாம் ஒரு தொழிலா? பரீட்சைக்குப் படிக்கட்டும்' என்று நான் சொன்னேன். பரீட்சையில் அவன் தேறவில்லை. சில ஆண்டுகள் கழித்து மத்திய கிழக்குக்குச் சாரதி வேலைக்குச் சென்றான். முதியவர்க்குப் பின்னர் அவரிடம் தொழில் பயின்றார் எவருமிலர். பாகம் கிடைக்காவிட்டால் அச்சைத் தாமே கடைந்து செய்யும் வல்லமை ஒருகாலத்தில் அவர்க்கு இருந்தது. 'கண் இருந்தால் இதைக் கடைந்திருப்பேன், ஐயா' என்று அவர் சொன்னபோது நான் தலைகுனிந்தேன். பாகத்தைத் தர மறுத்தவர்கள் யாரோ தூரதேசத்தார். கையைத் தர மறுத்தவன் நான்.

ஆதலின், நேயர்களே, நான் கூற எண்ணுவது இதுவே. விலையுயர்ந்த மணிக்கூட்டை வாங்குவோர், அதன் பெயரையும் பொலிவையும் பார்ப்பதோடு, இதனை இந்நாட்டில் யார் திறப்பார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, என்ன செலவில், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தருவாரா என்று கடையிலேயே கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ள வேண்டும். விற்போர், கைக்குப் பட்டி கட்டியவுடன் தம் கடன் தீர்ந்தது என்று எண்ணாது, தகுதிபெற்ற உள்ளூர்த் தொழிலாளர்க்குப் பாகமும் பயிற்சியும் வழங்க வேண்டும். ஆசிரியராகிய நாம், ஒரு பிள்ளையின் விரல்களிலுள்ள அறிவையும் அறிவென்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சென்ற தவணையிலே எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் நால்வரை அம்முதியவரிடம் அழைத்துச் சென்றேன். அவரால் இப்பொழுது வேலை செய்ய இயலாது, சொல்ல இயலும். என் தந்தையாரின் மணிக்கூட்டைத் திறந்து, நின்றுபோன அச்சிறு சக்கரத்தையும், மூடியிலுள்ள நான்கு குறிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர்களுள் ஒரு சிறுமி, ஐந்தாவது குறிக்கு இடம் இருக்கின்றதா என்று கேட்டாள். இருக்கின்றது.